ஸ்டீல் கரண்டி

நர்ஸ் வினோலியா டப்பாவைத் திறந்ததும் கரித்தூள் பறந்தது. அவள் ஸ்டீல் கரண்டியை எடுக்கவும், பத்திரகாளி பாய்ந்து கையைப் பிடித்தாள்.

“இரும்பு ஆகாது தாயீ! ஒரு பொறி பறந்தா அம்புட்டுப் பேரும் காலி. மரக்கரண்டி இல்லையா?”

விஸ்வநத்தம் பட்டாசு கம்பெனியில் இருபது வருடமாகக் கரி கலப்பவள் பத்திரகாளி.

“இது மருந்துக் கரி, வெடிக்காதுக்கா. கைய விடுங்க, நேரமில்ல.”

வினோலியா கரியைத் தண்ணீரில் கலக்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பிரீத்தியை நிமிர்த்திக் குடிக்க வைத்தாள்.

“கரியவா குடிக்கக் குடுக்கீக?”

“ஆமாக்கா. உங்க மக தெரியாம முழுங்குன மாத்திரையோட வெசத்த இது உறிஞ்சிரும்” என்றாள் வினோலியா.

சாயங்காலம் பிரீத்தி கரி அப்பிய வாயோடு சிரித்தாள். பத்திரகாளி அந்த டப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“இம்புட்டு வருசமா ஒனக்குப் பயந்து உசுரக் கையில பிடிச்சிக்கிட்டுத் திரிஞ்சேன். எம் மக உசுரப் பிடிச்சி வச்சதும் நீதானா!”