ஒரே ஒரு தப்பு

"ராக்கெட்டுல ஜெனரேட்டரா? நடு விண்வெளியில டீசல் ஜெனரேட்டரா?"

ஃபுரோ சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சுட்ட வாழைக்காய் நழுவிக் கீழே விழுந்தது.

நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட்டில் அந்த வாழைக்காய்க் கடையின் பின்கட்டு, சனிக்கிழமை மதியங்களில் விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்களுக்குச் சொந்தம். ஒருவர் கதை வாசிப்பார், மற்றவர்கள் கிழிப்பார்கள். கிழித்து முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அத்தனை பேருக்கும் அவர் செலவில் சுட்ட மீன்.

இன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் பெலேமா. புதிதாகச் சேர்ந்தவள். வீடு எங்கே, வீட்டில் யார் யார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிப் பேசவே நேரம் போதவில்லை, இதையெல்லாம் யார் கேட்பது?

அவள் கதையில் ஒரு விண்கலம். அதில் விழித்திருப்பது கேப்டன் ஒருத்திதான். பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிறுவன் தூங்குகிறான். பெட்டிதான் அவனுக்காக மூச்சு விடுகிறது. இனி இவன் விழிக்க மாட்டான், பெட்டியை நிறுத்திவிடு என்கிறது டாக்டர் ரோபோ. பொத்தான் கேப்டனின் கைக்கெட்டும் தூரத்தில். கதை அதோடு நின்றுவிட்டது.

"முடிவு எழுத வரல," என்று வாசிக்கும் முன்பே சொல்லியிருந்தாள். "நீங்கதான் சொல்லணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

"சனிக்கிழமை சாயங்காலம் எந்தப் பத்திரிகைக்குக் கெடு?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

முடியாத கதையை இங்கே வாசிக்கக் கூடாது. சட்டம் போட்டவர் தலைவர் டொகுபோ; எல்லோருக்கும் அவர் 'ஓகா', அதாவது பெரியவர். அவரே, "பரவாயில்ல, படிம்மா" என்று சொன்னதுதான் எல்லோருக்கும் எரிச்சல்.

டொகுபோ ஏழு நாவல் எழுதியவர். "நம்ம ஊர் எண்ணெய்க் கிணத்தைப் பத்தி எழுது, சூனியக்காரியைப் பத்தி எழுது. ராக்கெட் உனக்கெதுக்கு?" என்று பதிப்பாளர்கள் விரட்ட விரட்ட ராக்கெட்டையே எழுதியவர். விற்காத புத்தகங்களை அடுக்கித்தான் கட்டில் செய்திருக்கிறார் என்று கேலி பேசுவார்கள். ஆனால் கணக்கில் புலி. நிலாவில் கண்ணீர் இவ்வளவு வேகமாக விழாது என்று சொல்லி, போன வாரம் ஃபுரோவின் கதையையே தூக்கிப் போட்டார்.

அந்த ஆத்திரம் ஃபுரோவுக்கு இன்னும் ஆறவில்லை.

"என்கிட்ட ஒரு சொட்டுக் கண்ணீருக்குக் கணக்குக் கேட்டீங்களே, ஓகா! இங்க கரண்டே போகுது! ஜெனரேட்டர் ஓடற வரைக்கும் கேப்டன் ஒரு ரப்பர் பையை அமுக்கி அமுக்கிப் பையனுக்கு மூச்சுக் கொடுக்கறா. நீங்க என்னடான்னா மீன்ல முள்ளு பொறுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க!"

"நம்ம கரண்ட்காரங்க விண்வெளிக்கும் லைன் இழுத்துட்டாங்க போல," என்றாள் ஓகேச்சி டீச்சர்.

"அங்க எதுக்குக் கொசுவலை? தினமும் எதுக்குச் செருப்பை வாசல்லயே கழட்டிட்டு உள்ள போறா? ராக்கெட்டா, சர்ச்சா?" ஃபுரோ விடவில்லை.

கடைக்காரி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். டொகுபோ சிரிக்கவில்லை. அவள் எழுத்தில் ஒரு தப்பைக்கூட அவர் சுட்டிக்காட்டவில்லை.

"அழகா இருந்தா ஆயிரம் தப்பு பண்ணலாம்," என்றான் ஃபுரோ, அவர் காதில் விழும்படியாகவே.

பெலேமாவின் உதடு துடித்தது. திறக்கவில்லை.

"சரி, முடிவைப் பாருங்க," என்றாள் ஓகேச்சி. "முழிக்கவே மாட்டான்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே யோசிக்க என்ன இருக்கு? அமுக்க வேண்டியதுதான்."

"இதுக்கு மேல இழுத்தா படிக்கறவனுக்குக் கொட்டாவி வரும்," என்றான் ஃபுரோ. "அமுக்கிட்டு அடுத்த கிரகத்துக்குக் கிளம்பச் சொல்லு. கை தூக்குங்கப்பா!"

டொகுபோவின் கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. சிலவற்றில் பாதி கடித்த வாழைக்காய்.

பெலேமா ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். காகிதங்களை அடுக்கினாள். சரிந்தன. மறுபடி அடுக்கினாள். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் பார்த்தவர் ஒருவர்தான்.

"ஓகா, உங்க ஓட்டு?" என்றான் ஃபுரோ.

டொகுபோ எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அமுக்கித்தான் ஆகணும்," என்றார். "வேற வழியில்ல."

"அப்ப ஜெனரேட்டர்? கொசுவலை? ரப்பர் பை? அதெல்லாம் தப்பில்லையா?"

"இல்ல. அதுல ஒண்ணுகூடத் தப்பில்ல. கற்பனை பண்றவங்க யாரும் அவ்வளவு சரியா எழுத மாட்டாங்க. இந்தக் கதையில தப்பு ஒண்ணே ஒண்ணுதான்."

"எது?"

"பொத்தான் பக்கத்துல கேப்டன் தனியா நிக்கறா."

ஃபுரோவுக்குப் புரியவில்லை. பெலேமாவுக்குப் புரிந்தது. சட்டத்தை மீறி வாயைத் திறந்தாள். சத்தம்தான் வரவில்லை.

டொகுபோ மேஜை மேலிருந்த கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

"வாம்மா, போகலாம். பையன் எந்த ஆஸ்பத்திரியில இருக்கான்?"