செவலைக்கு ஒரு சங்கிலி

செவலையைக் கட்டிப்போட்டால் மற்ற நாய்களெல்லாம் கொல்லைக்குள் வந்துவிடுமே. வியாகுலமேரி எலுமிச்சை மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள்.

மாதா கோயில் உபதேசியார் சங்கிலியோடு கொல்லை வாசலில் நின்றார். “என் நாயோட காதைக் கிழிச்சிருச்சு. நேத்து அருள்சாமி நாயைக் கடிச்சிருச்சு. ஒன் செவலை என்ன, போலீஸா?”

“தெருவுல எதையும் தொடாதுங்க. கொல்லைக்குள்ள வந்தாத்தான் கடிக்குது.”

“அங்கிட்டு அப்படி என்ன பொதைச்சு வச்சிருக்கே, பொதையலா?” சிரித்தபடி சங்கிலியை நீட்டினார். “அரிமளம் சந்தையில வாங்குனது, அறுந்து போகாது. ஒங்கிட்டதான் அது அடங்கும், நீயே கட்டு. இல்லைன்னா நாளைக்கு அடிச்சே கொன்னுருவாங்க.”

செவலை எலுமிச்சை மரத்தடியில் படுத்து வேலியையே பார்த்துக்கொண்டிருந்தது.

“போன வாரம் எங்க வீட்டுக்காரரு பிள்ளையத் தூக்கிட்டு வந்தாருல்ல,” என்றாள் மெல்ல. “மூச்சில்லாமப் பொறந்தது, ஞானஸ்நானம் வாங்கலை, கல்லறைத் தோட்டத்துல எடமில்லைன்னு நீங்கதான திருப்பி அனுப்புனீங்க.”

அவர் மரத்தடியைப் பார்த்தார். ஈரம் காயாத சிறு மண்மேட்டின் ஓரத்தில் நாய்கள் பிறாண்டிய தடம் இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. “இருந்தாலும்... ஊருக்காகக் கட்டித்தான் ஆகணும், மேரி.”

நீட்டிய சங்கிலியை அவள் வாங்கவில்லை. போய்ச் செவலையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.