மாமனார் ஏற்றிய பயோஸ்

செத்துப்போன கிராபிக்ஸ் கார்டை என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை மேசையில் வைத்தார் பீபிகுல் அம்மா. குற்றவாளியையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

குற்றவாளி அவருடைய கணவர் ஒராஸ்பெக். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ரோமத் தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் மருமகள் அனெல், தலையைக் குனிந்தபடி.

“இந்த மனுஷன் என்ன பண்ணி வெச்சார்னு நீயே கேளு தம்பி” என்றார் அம்மா.

கேட்டேன். கார்டு இன்னும் வேகமாக ஓடட்டும் என்று வேறொரு கம்பெனி கார்டின் பயோஸை, அதாவது கார்டை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, இணையத்திலிருந்து இறக்கி இதில் ஏற்றினாராம். அதோடு திரை இருண்டுவிட்டதாம். பள்ளிக்கூடப் பாடம் போல ஒப்பித்தார்.

இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. எங்கள் கராகண்டா நகரத்தில் பாதிப் பேர், இழுத்து மூடிய பிட்காயின் தோண்டும் பண்ணைகளிலிருந்து பழைய கார்டை வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு இதைத்தான் செய்கிறார்கள். ரெண்டு கம்பெனியிலும் சிப் ஒன்றுதானே, ஏற்றினால் என்ன என்று ஒரு நினைப்பு. சிப் ஒன்றுதான். மின்சாரம் கொடுக்கும் பாகம் வேறு, விசிறி வேறு. விசிறி சுற்றாவிட்டால் கார்டு வெந்தே போகும்.

“பெரியவரே, உங்க பஸ்ஸுக்கு டிராக்டர் பம்பை மாட்டுவீங்களா?”

“மாட்ட மாட்டேன்.”

“அப்ப இதுல மட்டும் ஏன்?”

“வேகமா ஓடும்னு சொன்னாங்க.”

“யாரு?”

“சொன்னாங்க” என்றார் மறுபடியும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயதான காலத்தில் சும்மா இருக்கத் தெரியாதா, மருமகள் சமையலறை டிசைன் வரைந்து பிழைக்கிற மெஷினில் உங்களுக்கு என்ன வேலை என்று கிழித்துத் தோரணம் கட்டினேன். அம்மாவுக்கு ஏக திருப்தி.

“நல்லவேளை, இவர் பண்ணினது” என்றார். “இவ கெடுத்திருந்தா, வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வீட்டோட கிடந்து டீ ஊத்துன்னு அன்னைக்கே மெஷினைத் தூக்கி வித்திருப்பேன்.”

அனெல் இன்னும் குனிந்துகொண்டாள். பாவமாக இருந்தது. அந்தக் கோபத்தையும் பெரியவர் மேலேயே காட்டினேன்.

பயோஸ் இருக்கும் குட்டிச் சிப்பில் கவ்வியை மாட்டி, கார்டின் சொந்த பயோஸைத் தேடி ஏற்றினேன். இரண்டு தடவை முரண்டு பிடித்தது. மூன்றாவது தடவை விசிறி சுற்றியது, திரையில் படம் வந்தது.

அனெல் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டாள்.

“அழாதே. இனிமே இந்த மனுஷனை அந்த ரூமுக்குள்ளயே விட மாட்டேன்” என்று அம்மா அவள் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார்.

பெரியவர் கார்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இனிமேலாவது கம்ப்யூட்டர் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்க” என்றேன்.

அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அதை ஆன் பண்ணவே எனக்குத் தெரியாது தம்பி. ஆனா நான் நாப்பது வருஷமா திட்டு வாங்கிப் பழகினவன். அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்து எட்டு மாசம்தானே ஆகுது.”