வசனத்துக்குக் கீழே ஒரு பெயர்

“‘மார்ச் பன்னிரண்டு. பலகையின் உயரத்தை அரை அடி குறைச்சு அளந்துட்டேன். தப்பு என்னோடது.’ அடடா, நல்லா எழுதி வச்சிருக்கியேப்பா! நோட்டுல மன்னிப்புக் கேட்டா பலகை வளர்ந்துடுமா?”

சபை மூப்பர், கடைப் பலகை எழுத வந்த பெயின்டரின் நோட்டை மேசைமேல் வீசினார்.

சபைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த அந்தச் சின்ன அறை மறுநாள் காலை தையல் கடையாகத் திறக்கப்பட இருந்தது. அறையை யாருக்குக் கொடுப்பது என்பது மூப்பர் கையில் இருந்தது. ஆகவே பலகையில் என்ன எழுதுவது என்பதும் தன் கையில்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

பெயின்டர் சாக்பீஸால் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

“மூணு வரி சொல்லியிருந்தீங்க ஐயா. மேல அக்காவோட பொண்ணு பேரு, அதுக்குக் கீழ ‘தையலகம்’, அதுக்கும் கீழ வசனம். இப்ப ரெண்டு வரிக்குத்தான் இடம். எதை எடுக்கறது?”

“பேரை எடு.”

மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்த தையல்காரம்மா நிமிர்ந்தார். “ஐயா, கடையே அவளுக்காகத்தான். இந்த மெஷின்லதான் அவ தச்சுப் பழகினா. அவ பேரு அந்தப் பலகையில இருந்தா எனக்குப் போதும், வேற ஒண்ணும் கேக்கலை.”

“சிஸ்டர், யோசிச்சுப் பேசுங்க. தைக்க வர்றவங்க, யாரு இந்தப் பேருன்னு கேப்பாங்க. இறந்துட்டான்னு சொல்வீங்க. பதினாறு வயசுலயான்னு கேப்பாங்க. அந்தப் பேச்சு எதுக்கு இப்ப?”

அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவரே அவர்தான். தினமும் காலை ஆறு மணிக்குச் சபையார் முந்நூறு பேரின் செல்போனுக்கும் மூப்பரின் வசன தியானம் வந்து விழும். வசனம் ஒரு வரி, விளக்கம் மூன்று பக்கம். தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் அவரிடம் அதற்கொரு விளக்கம் உண்டு. அவருக்கு மூட்டுவலி வந்தால் அது சோதனை. அடுத்தவருக்கு வந்தால் தண்டனை. காய்ச்சலில் போன அந்தப் பெண்ணை அடக்கம் செய்து ஒன்பதாம் நாள் வந்த தியானத்தில், இளம் வயதில் எடுக்கப்படுகிறவர்கள் தங்கள் பாவத்தின் பலனையே அடைகிறார்கள் என்று விளக்கியிருந்தார். பெயர் மட்டும் போடவில்லை. அவ்வளவு பெருந்தன்மை.

“சரிங்க, வசனத்தைச் சொல்லுங்க” என்றார் பெயின்டர்.

“ஆரம்பம் சின்னதா இருந்தாலும் முடிவு ரொம்பப் பெருசா இருக்கும்னு வரும். யோபு, எட்டாம் அதிகாரம். நான் திறந்து வச்ச பதினோரு கடையிலயும் இதே வசனம்தான். என்ன ஆறுதல் பாரு!”

“பெரியவங்க சொன்ன வார்த்தை எழுதினா, கீழ சொன்னவங்க பேரையும் போடுவோம். இதை யாருங்க சொன்னது?”

“கேள்வியைப் பாரு! வேதத்துல இருக்கறதை யாரு சொல்லுவா? கடவுள்தான்.”

“யாருகிட்டச் சொன்னாரு?”

“உங்கிட்ட, எங்கிட்ட, எல்லார்கிட்டயும்தான். வேலையைப் பாருப்பா.”

“அதுக்கு முன்னாடி வர்ற வரியெல்லாம் படிச்சிருக்கீங்களா ஐயா?” தையல்காரம்மா மெதுவாகக் கேட்டார்.

“இந்த ஒரு வரியே ஒரு வருஷத்துக்குத் தாங்கும் சிஸ்டர். முன்னாடி, பின்னாடியெல்லாம் சின்னப் பிள்ளைங்க படிக்கிறது.”

தையல்காரம்மா மெஷின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு, “சரி ஐயா. அவ பேரை எடுத்துடலாம். ஆனா வசனத்துக்குக் கீழ உங்க பேரைப் போடணும். எங்களுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொன்னது நீங்கதானே?” என்றார்.

மூப்பர் முகத்தில் வெளிச்சம் ஏறியது. “ஐயய்யோ, நமக்கெதுக்கும்மா அதெல்லாம்? எல்லாம் அவர் மகிமைக்கு.” இரண்டு விநாடி அடக்கமாக இருந்து பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை. “‘மூப்பர்’ங்கறதையும் சேர்த்துக்கப்பா. கண்ணாடி போடாமப் படிக்கிற மாதிரி இருக்கட்டும்.”

“இடம் இல்லைன்னுதானே ஐயா...”

“ஓரத்துல நெருக்கிப் போடு. தொழில் தெரிஞ்சவன்தானே நீ?”

மறுநாள் தியானம் தாழ்மையைப் பற்றியது, இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

பெயின்டர் வசனத்தை எழுதினார். கீழே மூப்பர் பெயரையும் எழுதி முடித்தார். பிரஷை டப்பாவில் போட்டுவிட்டுத் திரும்பினார். அவருக்குப் பொறுக்கவில்லை.

“தப்பா நினைக்காதீங்கக்கா. பெத்த பொண்ணு பேருக்கு இடமில்லையாம், அந்த ஆளு பேருக்கு மட்டும் இருக்காம். அதையும் நீங்களே தூக்கிக் குடுத்துட்டீங்க! வெட்கமா இல்லையா?”

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“யோபுங்கறவருக்கு ஒரே நாள்ல பத்துப் பிள்ளைங்க செத்துப்போச்சு தம்பி. துக்கம் கேக்க வந்த கூட்டாளி ஒருத்தன், உன் பிள்ளைங்க பாவம் பண்ணிச்சு, அதான் போச்சுன்னான். மூணே வரி தள்ளி, அதே வாயால அவன் சொன்னதுதான் இந்த வசனம். நீ பேசினது சரியில்லைன்னு கடைசியில கடவுள்கிட்டயே நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான். அவன் பேரு இருக்கவேண்டிய இடத்துலதான் இப்ப ஐயா பேரு இருக்கு.”

பெயின்டர் பலகையில் இன்னும் ஈரம் காயாத அந்தப் பெயரைக் குனிந்து பார்த்தார்.

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு, சபையார் அத்தனை பேர் முன்னாடியும், அந்த அதிகாரத்தை முதல் வரியிலேருந்து ஐயாவையே சத்தமா வாசிக்கச் சொல்லப்போறேன். முதல் வரியிலயே இதைச் சொன்னவன் பேரு வருது. முடிக்கிறதுக்குள்ள இந்தப் பலகையை அவரே கழட்டச் சொல்லுவாரு. நீங்க அவ பேரை மட்டும் எழுதி இன்னொரு பலகையோட வாசல்ல நில்லுங்க.”