குவைத்தில் காலை ஆறரை

"அம்மா, உந்தப் போனை ஓஃப் பண்ணிப்போட்டு இருங்கோ. இது ஆராதனை நேரம்."

பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார் போதகர் கிஷாந்தன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தின் சின்னத் தேவாலயத்துக்கு வந்த முதல் ஞாயிறு அது.

ஜன்னலோரம் நின்ற றோசாலி போனை அணைக்கவில்லை. தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடியே நின்றார். கொழுந்து பறித்துத் தடித்த விரல்கள் அதை இறுகப் பற்றியிருந்தன. பக்கத்தில் நின்ற இளம்பெண் அவருடைய முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. குவைத்துல ஒரு புள்ள கேட்டுக்கிட்டு இருக்கு. இந்த ஜன்னல்கிட்டதான் சிக்னல் நிக்கும்."

"குவைத்திலயோ?"

"ஆமாங்க. வீட்டு வேலை. லீவு கெடையாது, கோயிலுக்கும் விட மாட்டாங்க. அங்க இப்ப காலையில ஆறரை. வீட்டுக்காரங்க எந்திரிக்கிறதுக்கு முந்தி சமையல்கட்டுல நின்னு கேக்கும்."

கிஷாந்தனுக்கு என்னவோ போலாகிவிட்டது. சபை முழுவதும் பார்த்திருக்க ஒரு தாயின் மனதைப் புண்படுத்திவிட்டோமே என்று கூசினார்.

"அப்ப நீங்கள் அதிலயே நில்லுங்கோ அம்மா. நான் அங்க வாறன்."

பாட்டுப் புத்தகத்தோடு இறங்கி ஜன்னலடிக்கு வந்து நின்று, முதல் அடியிலிருந்து மறுபடி பாடினார். எத்தனையோ ஆலயங்களில் கடமைக்குப் பாடிய பாட்டுத்தான். கடல் தாண்டி ஒரு சமையலறையில் ஒருத்தி காத்திருக்கிறாள் என்று நினைத்ததும் குரல் தானாக எழுந்தது. அந்த இளம்பெண் கண்களை மூடி, முகமெல்லாம் சிரிப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள். இப்படியொரு சந்தோஷத்தோடு யாரும் பாடி அவர் பார்த்து வெகு நாளாயிற்று.

ஆராதனை முடிந்ததும் றோசாலியிடம் கேட்டார். "இப்பிடிப் போன் பிடிக்க எப்ப துவங்கினனீங்கள்?"

"அஞ்சு வருசமாச்சுங்க. எம் மக குவைத்துக்குப் போன மொத மாசம், போனப் போட்டாலே அழுகைதான். செத்துப் போயிரலாம் போல இருக்கும்மான்னு சொல்லுச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஞாயித்துக்கெழம இந்தப் பாட்டயாவது கேளுன்னு போனத் தூக்கிப் பிடிச்சேன்."

"பிறகு?"

"அன்னைக்கு அழுதுகிட்டேதான் கூடப் பாடுச்சு. போகப் போக அழுகை நின்னு போச்சுங்க. 'இந்த ஒரு மணித்தியாலம் போதும்மா, வாரம் பூரா மனசு நெறஞ்சிருக்கு, பாத்திரம் கழுவுறப்பகூட பாடிக்கிட்டே கழுவுறேன்'னுச்சு. அந்த வீட்டுல வேல ஒண்ணும் கொறையல. சம்பளமும் கூடல. ஆனா அந்தச் சந்தோசம் மட்டும் கொறையவே இல்லைங்க."

கிஷாந்தனின் கண்கள் கலங்கின. "மகளின்ர பேர் என்ன?"

"நிலுக்ஷிங்க."

போனை வாங்கிக் காதில் வைத்தார். மறுமுனையில் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"நிலுக்ஷி, நான் புதுப் போதகர் கதைக்கிறன். பிள்ளைக்காக ஒருக்கா ஜெபிக்கட்டோ?"

"நான்தான் நிலுக்ஷிங்க ஐயா" என்ற பதில் போனிலிருந்து வரவில்லை. றோசாலியின் பக்கத்தில் நின்ற இளம்பெண்ணிடமிருந்து வந்தது. "நான் ஊருக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. வரும்போது அந்தச் சமையல்கட்டு அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் அம்மாவோட நம்பர எழுதி வச்சிட்டு வந்தேன். எனக்குப் பொறகு அங்க வேலைக்கு வந்த புள்ளைக்காக ஜெபிங்க. அது மொகத்தக்கூட நாங்க இன்னும் பாத்ததில்லைங்க."