ரஞ்சித் கேட்ட மாடல்

"நான் கேட்டது இது இல்லியே, கலை."

பார்சலைப் பிரித்ததுமே ரஞ்சித்தின் முகம் சுருங்கிவிட்டது.

உள்ளே இருந்தது டைவ் கம்ப்யூட்டர். கடலுக்கடியில் நீந்தப் போகிறவர்கள் கையில் கட்டிக்கொள்வது. பார்க்க வாட்ச் மாதிரிதான் இருக்கும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம், எப்போது மேலே கிளம்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வரும்.

ரஞ்சித்துக்கு விழுப்புரத்தில் பைக் ஷோரூமில் வேலை. வருடத்தில் நாலைந்து தடவை, லீவு கிடைத்தால் பாண்டிச்சேரிக்குப் போய்க் கடலில் இறங்குவான். எப்போதாவது இறங்குகிறவனுக்கு விலை கூடினது எதற்கு? கலர் ஸ்கிரீன் வேண்டாம், போனோடு இணைக்க வேண்டாம், எண்கள் பெரிதாகத் தெரியணும், பேட்டரியை நாமே மாற்ற முடியணும் என்று ஒரு மாதம் அலசி, ஒரு மாடலைப் பிடித்தான். பொண்ணு பார்த்தபோதுகூட அவ்வளவு யோசிக்கவில்லை.

மனைவி கலைப்பிரியாவின் கார்டில் ஆஃபர் இருந்ததால் ஆர்டர் போடும் வேலை அவளிடம் போனது. அவள் போட்டது வேறு மாடல்.

"இதுவும் அதே வேலையத்தான் செய்யுது. கட்டிப் பாருங்க," என்றாள்.

"நான் சொன்னதுக்கு இன்னா கொறச்சல்?"

"இது நல்லா இருக்கும்னு தோணிச்சு."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். கலைப்பிரியா கை இறுக்கம் என்பது திண்டிவனத்தில் அவர்கள் குடியிருந்த தெருவுக்கே தெரியும். புளி வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்குவாள்.

"எம்புள்ள ஆசப்பட்டு ஒண்ணு கேட்டான். அதுலயும் மிச்சம் புடிக்கணுமா?" என்று ரஞ்சித்தின் அம்மா அம்சா சமையலறைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

மறுநாள் ஷோரூமில் பூவரசனிடம் காட்டினான். கூட வேலை பார்ப்பவன்; கடலுக்கும் கூட வருபவன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இத்தயா வாங்கின? இது ரொம்ப பயந்த மெஷினு மச்சான். நாங்கள்லாம் கீழ மீன் பாத்துக்கினு இருப்போம். உனக்கு மட்டும் மேல போ, மேல போன்னு கத்திக்கினு இருக்கும்."

"அப்டியா?"

"வாங்கினவன் எல்லாம் அதத்தான் திட்டுறான். ஒரே பேஜாரு. அதுவும் உனக்குப் போயி இது. போன தடவ டைம் முடிஞ்சும் வராம, நான் கையப் புடிச்சு இழுத்துக்கினு வந்த ஆளு நீ."

அந்தக் கதையை ரஞ்சித்தே வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தான். அம்சாவுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு.

"யார்ரா இத்த வாங்கச் சொன்னது?" என்றான் பூவரசன்.

பொண்டாட்டி என்று சொல்ல ரஞ்சித்துக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் திண்டிவனம் வந்து சேர்வதற்குள் அந்த வெட்கம் கோபமாகிவிட்டது.

"இத்த திருப்பி அனுப்பப் போறேன். நான் கேட்டதே வரட்டும்," என்றான், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டிருந்த கலைப்பிரியாவின் கை நின்றது.

"அனுப்பாதீங்க."

"எவ்ளோ மிச்சம் புடிச்ச? ஆயிரமா, ரெண்டாயிரமா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

"மிச்சம் எங்க? நீங்க கேட்டத விட இது வெல ஜாஸ்தி. பொடவைக்கு வெச்சிருந்தத சேத்துப் போட்டேன்."

ரஞ்சித்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஜாஸ்தி குடுத்து யாராவது இத்த வாங்குவாங்களா? வாங்கினவங்க இன்னா எழுதியிருக்காங்கன்னு நீ படிக்கவே இல்லியா?"

"எல்லாத்தயும் படிச்சேன்," என்றாள் கலைப்பிரியா. "இத்த கட்டினா மத்தவங்களுக்கு முன்னாடியே மேல ஏத்தி வுட்டுடுதுன்னு அத்தினி பேரும் திட்டி எழுதியிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் ஆர்டரே போட்டேன்."