மூன்று தட்டு

லீட்ஸ் நகரத்து பப் ஒன்றின் மாடியறையில் தலைவர் கிளைவ் மேசையை மூன்று முறை தட்டினார். ரசிகர்கள் பக்தியோடு திருப்பித் தட்டினார்கள். சங்கத்தின் வணக்கம் அது.

‘சனிக்கோள் காவலர்’ என்ற பழைய விண்வெளித் தொடரின் நான்காம் பகுதியை, ஒளிபரப்பியவர்களே அழித்துவிட்டார்கள். மிஞ்சியது, சிறுவன் கிளைவ் அன்று தொலைக்காட்சிக்கு முன் மைக்கை நீட்டிப் பிடித்துப் பதிவு செய்த ஒலிநாடா மட்டும். அதில் கேட்கும் மூன்று தட்டுகள் ‘கிரகத்தின் இதயத்துடிப்பு’ என்று விளக்கி அவர் இரண்டு புத்தகம் எழுதியிருந்தார்.

இன்று அவருடைய அக்கா மொரீன், தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் கிடைத்த படச்சுருளோடு வந்திருந்தார். தலைவர் ஒப்புக்கொண்டால்தான் அது அசல். திரையில் ஓட்டிப் பார்த்தார்கள். நான்காம் பகுதி முழுசாக இருந்தது. அந்த மூன்று தட்டு மட்டும் கேட்கவில்லை.

“போலி!” என்று துள்ளினார் கிளைவ். “இதயத்துடிப்பே இல்லாம நாலாம் பகுதியா? எவனோ உன் தலையில நல்லா கட்டிட்டான். கலையைப் பத்தி உனக்கென்னக்கா தெரியும்?”

ரசிகர்கள் சிரித்தார்கள்.

“கலையெல்லாம் தெரியாதுடா,” என்றார் மொரீன். “ஆனா நீ பதிவு பண்ணினப்ப நானும் அந்த ரூம்லதான் இருந்தேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி, பக்கத்து வீட்டு மிசஸ் ஹாப்ஸ் துடைப்பக்கட்டையால சுவத்துல இடிச்சது அது.”

மேசைமேல் இருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கோட்டுப் பைக்குள் போயின.